இயல்பாக உட்கார மூன்று நாள்

நான் உட்கார்ந்திருக்கும் படங்கள் இரண்டு என் போனில் இருக்கின்றன. ஒன்றை எடுக்க மூன்று நாள் பிடித்தது, மற்றதை எடுக்க ஒரு நொடி. மூன்று நாள் எடுத்ததைத்தான் எல்லோரும் இயல்பான படம் என்றார்கள்.

அந்தப் படத்தைக் கேட்டவர் மருதமுனை மாப்பிள்ளை ஒருவரின் தாயார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். உம்மாவும் ஒரு சொந்தக்காரப் பெண்ணுமாக முச்சக்கரவண்டி பிடித்துக் கல்முனை டவுணைத் தாண்டி, பாண்டிருப்பைத் தாண்டி, பத்து நிமிடத்தில் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். அடுத்த நாள் காலை அந்தத் தாயாரிடமிருந்து உம்மாவின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது.

"ஸ்டூடியோப் படம் வாணாம். பவுடர் பூசின படமும் வாணாம். மகன் கட்டாருல இரிக்கான், அவனுக்கு அனுப்போணும். புள்ள ஊட்டுல சும்மா இரிக்கிற மாதிரி ஒண்டு அனுப்புங்க. இயற்கையா இரிக்கோணும்."

சும்மா இருக்கிற மாதிரி! எவ்வளவு சின்ன ஆசை பாருங்கள். பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசாங்க நியமனம் வரும் வரும் என்று நான் அப்போது ஒன்றரை வருடமாக வீட்டில் சும்மாதான் இருந்தேன். அந்தத் துறையில் எனக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஒன்றரை வருடத்தில் நான் சும்மா இருப்பது அழகாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் வேறு.

"நான் கதிரையில இரிக்கன், நீ படம் புடி" என்று தங்கச்சியிடம் போனை நீட்டினேன். அவளுக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று பெயர். உண்மையில் படிப்பதெல்லாம் ரீல்ஸ். அவளுடைய படங்களில் முகம் இருக்காது, அது எங்கள் ஊர் மரியாதை. முதுகு இருக்கும், மருதாணிக் கை இருக்கும், தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். தப்பித்தவறி முகம் விழுந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு ரோசாப்பூவை ஒட்டிவிட்டு ஸ்டேட்டஸில் போடுவாள். ஆகவே முகம் தவிர்ந்த எல்லாவற்றையும் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதில் அவள் ஓர் உஸ்தாது.

அவள் போனை வாங்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ராத்தா, சும்மா இரிக்கிறது வேற. சும்மா இரிக்கிற மாதிரி இரிக்கிறது வேற. அதுக்குப் பழகோணும்."

இப்படித்தான் அந்த மூன்று நாள் தொடங்கியது.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். படம் என்று கேட்டாலும், பார்க்கப் போவது அதைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். மற்ற ஊர்களில் கலியாணம் முடிந்தால் பெண் அழுதுகொண்டு புகுந்த வீட்டுக்குப் போவாளாம். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளைதான் ஒரு பையோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். வந்து ஆயுள் முழுக்க இருக்கப் போகிற மனிதர் கூரை ஒழுகுமா, நிலம் என்ன நிலம் என்று கேட்கத்தானே செய்வார்? அதனால் மகள் பிறந்த அன்றே தகப்பன் அவளுக்கு வீடு கட்டக் கல்லும் மண்ணும் கொண்டுவந்து பறிக்கத் தொடங்க வேண்டும். எங்கள் வாப்பாவுக்கோ இரண்டு மகள்.

வாப்பா மேசன். டைல் பதிப்பதில் அவருக்குத் தனிப் பெயர். இந்தக் கரையில் எத்தனையோ பேருடைய மகள்மார் வாப்பா பதித்த நிலத்தில்தான் மணப்பெண்ணாக நடந்தார்கள். எங்கள் வீட்டுக்கு மிஞ்சியது வெள்ளிக்கிழமை மட்டும். அன்றைக்கும் ஜும்ஆ முடிந்து வருவதற்குள் யாராவது ஒருவர் "மேசன், பாத்ரூம் ஒழுகுது" என்று வாசலில் நிற்பார். வாப்பாவுக்கு ஏலாது என்ற சொல் வாயில் வராது. சாந்துக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவார். இப்படியாக எங்கள் வீட்டில் சுவர் எழும்பியது, கூரை ஏறியது, ஹோலில் பாதிச் சுவருக்குப் பூச்சு வந்தது, அதோடு நின்றுவிட்டது. நிலம் முழுக்கப் பரட்டைச் சீமெந்து. வெறுங்காலோடு ஓடினால் குதிகால் தேயும்.

கிழக்கு யன்னலுக்குக் கீழே ஒரு மூலை மட்டும் விதிவிலக்கு. ஆறடிக்கு ஆறடி. அங்கே டைல் இருந்தது. வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும் ஒன்றிரண்டு டைலைக் காட்டி வாப்பா "எடுக்கட்டா?" என்று கேட்பார். எடுங்க என்று வாயால் சொன்னால்தான் எடுப்பார். தலையாட்டினால்கூட இன்னொருமுறை கேட்பார். அப்படிச் சேர்ந்த டைல்களை வெட்டி, பொருத்தி, அந்த மூலையில் பதித்திருந்தார். ஒன்றுக்கொன்று நிறம் சேராது. ஆனால் கோடு ஒரு நூல் பிசகாது. எந்தத் துண்டு டாக்டர் வீட்டுடையது, எது பாடசாலை அதிபர் வீட்டுடையது என்று எங்களுக்குத் தெரியும். "டாக்டர் ஊட்டுல நிக்காத, வழுக்கும்" என்பார் உம்மா. "அதிபர் ஊட்டுல ஆரு தேத்தண்ணி ஊத்தின?" என்று சண்டை வரும். நடுவில் ஒரு பெரிய டைல், பால் நிறத்தில் பொன்னிறப் பூப் போட்டது. அது எந்த வீட்டுடையது என்று நாங்கள் கேட்டதில்லை. அதைப் பூ என்று மட்டும் சொல்வோம். அதன் ஒரு முனை உடைந்திருந்தது. வாப்பா அங்கே ஒரு வெள்ளைத் துண்டை வெட்டி அடைத்திருந்தார்.

பெருநாள் படம், பட்டமளிப்புப் படம், தங்கச்சியின் முதுகுப் படம் எல்லாம் அந்த மூலையில்தான் எடுத்தது. எங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் நாங்கள் ஒரு மாளிகையில் இருக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். வாப்பா மட்டும் அங்கே உட்கார மாட்டார். "உடுத்திரிக்கிற சாரமெல்லாம் சீமெந்து, டைல் கீறுப்படும்" என்பார். ஊராருக்கு நிலம் பதித்த மனிதர் தன் வீட்டில் பரட்டை நிலத்தில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்.

அதற்கு முன் இரண்டு சம்பந்தம் வந்து போயிருந்தது. இரண்டு வீட்டாரும் நேரில் வந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். பிறகு நல்ல காலநேரம் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலநேரம் என்பது டைலுக்கு எங்கள் ஊரில் வழங்கும் மறுபெயர். எனக்கு இருபத்தேழு வயது. வாப்பா என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மற்ற வீடுகளின் நிலம் முடிந்து திரும்பும் நாட்களில் என் முகத்தை நேராகப் பார்க்க மாட்டார். அது எனக்கு நிலத்தை விடக் கரடாக இருந்தது.

ஆகவே, மூன்றாவதாக வந்த சம்பந்தத்துக்கு நான் இயல்பாக உட்கார்ந்தே ஆக வேண்டியிருந்தது. அதுவும் அந்த ஆறடிக்குள்.

முதல் நாள் கதிரைக்கே போய்விட்டது. எங்கள் பிளாஸ்டிக் கதிரை இயல்பாக இல்லையாம். வீட்டில் நாங்கள் நாளும் பொழுதும் உட்காரும் கதிரை இயல்பில்லை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பிரம்புக் கதிரைதான் இயல்பு என்று தங்கச்சி தீர்ப்புச் சொன்னாள். காலை ஏழு மணிக்கும் எட்டுக்கும் இடையில்தான் யன்னல் வெளிச்சம் நல்லதாம். அந்த ஒரு மணித்தியாலத்தில் எனக்கு உட்காரச் சொல்லித்தந்தாள்.

"நல்லா உள்ளுக்குப் போய் இரிக்காத. நுனியில இரி. முதுகு நேரா வெச்சிக்க. அவ்வளவு நேரா வாணாம், கம்பு மாதிரி இரிக்கி. ரெண்டு முழங்காலயும் ஒரு பக்கம் திருப்பு. மற்றப் பக்கம் தோள். நாடிய இறக்கு. அவ்வளவு இறக்காத, ரெண்டு நாடி தெரியுது. மறுகா மூச்ச விடு."

"மூச்சு விடுறதுக்கும் நீ சொல்லோணுமா?"

"ராத்தா, நீ மூச்சு விடல்ல. நான் பாத்துட்டுத்தான் இரிக்கன்."

மெய்தான். நான் விடவில்லை. கதிரையின் நுனியில், இடுப்பு ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக, விழாமல் இருப்பதற்கே என் முழுப் பலமும் போனது. ஒரு மனுசி வீட்டில் இப்படி உட்கார்ந்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வருவார்கள். படத்திலோ நான் அமைதியாக ஓய்வெடுப்பதாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள் கைகளின் நாள். சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அது செத்த மீன் மாதிரி மடியில் கிடக்குமாம். உம்மா குர்ஆனைக் கொடுக்கலாம் என்றார். தங்கச்சி பதறிப் போனாள். "உம்மா, ஓதுறதப் படம் புடிச்சிக் காட்டினா முகஸ்துதி, ஊர் மெச்ச வணங்கின மாதிரி. ஹறாம்." மார்க்கத்தில் அவளுக்கு இந்த அளவு பிடிப்பு இருப்பதைக் கேட்டு உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் ஒரு புத்தகத்தை எடுத்தேன். அதுவும் வேண்டாமாம், படித்த பெண் என்று மாப்பிள்ளை பயந்துவிடுவாராம். கடைசியில் தேத்தண்ணிக் கோப்பைக்கு முடிவானது. வெறும் கோப்பை. தேத்தண்ணி இருந்தால் நான் சிந்திவிடுவேன் என்று அவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. வெறும் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, சூடாக இருப்பதுபோல் ஊதவும் சொன்னாள். ஊதினேன். அல்லாஹ்தான் சாட்சி, நான் ஊதினேன்.

உம்மாவுக்கும் வேலை இருந்தது. பின்னால் பூச்சு இல்லாத சுவர் தெரியாமல் ஒரு கட்டில் விரிப்பைத் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடற்காற்று யன்னலால் வந்து விரிப்பை ஊதும்போதெல்லாம் உம்மாவின் தலை மேலே எட்டிப் பார்க்கும். அன்றைய படங்களில் பாதியில் என் தோளுக்கு மேல் உம்மாவின் இரண்டு கண்கள் மட்டும் இருக்கின்றன.

மூன்றாம் நாள் சிரிப்பு. போனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அது பழைய காலம். இடது பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள், அதற்கு மெல்லச் சிரிக்கிறேன், அந்த நேரம் தற்செயலாக ஒருவர் படம் எடுத்துவிட்டார். இதுதான் கதை. இடது பக்கம் இருந்ததோ ஒரு சீமெந்துப் பை. அதைப் பார்த்து எவ்வளவு நேரம் சிரிக்க முடியும்? விரிப்பை ஆணியில் மாட்டிவிட்டு உம்மாவைச் சீமெந்துப் பைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள் தங்கச்சி.

"உம்மா, சிரிப்பு வாற மாதிரி ஏதும் கதைங்க."

உம்மா நெடுநேரம் யோசித்தார். பிறகு மிகவும் பொறுப்பாகச் சொன்னார்: "அரிசி முடிஞ்சி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி அந்த நேரத்தைப் பிடித்துவிட்டாள். பார்த்தால் என்னாலேயே நம்ப முடியவில்லை. வெளிச்சம் கன்னத்தில் விழ, கோப்பையை ஏந்தி, கவலையே இல்லாத ஒருத்தி ஏதோ நினைவில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் நிச்சயமாக அரிசி இருந்தது.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் படத்துக்கு முன் தங்கச்சி, "ராத்தா, கால எடு, பூ மறையுது" என்றாள். நானே காலை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தேன், பொன்னிறப் பூ முழுதாகத் தெரியட்டும் என்று. உடைந்த முனையில் இருந்த வெள்ளைத் துண்டு அசிங்கமாகத் தெரிந்தது. கதிரையின் காலை இழுத்து அதன் மேல் வைத்து மறைத்ததும் நான்தான். அவ்வளவு பெரிய இயற்கைவாதி நான்.

படத்தை அனுப்பினோம். கோடு நீலமாகியது, பார்த்துவிட்டார்கள். உம்மா அடுப்படிக்கும் ஹோலுக்குமாக நடந்தார். நடந்து நடந்து கால் நொந்த பிறகுதான் பதில் வந்தது.

"மாஷா அல்லாஹ். புள்ள சீதேவி. நிலம் நல்லா இரிக்கி."

உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நானும் சொன்னேன், பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் மூச்சு விடாமல் பழகியதற்கு இரண்டு சொல் கிடைத்தது, நிலத்துக்கு மூன்று சொல். பரவாயில்லை என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் திரும்பி வந்தது. எங்கள் படம்தான், ஆனால் வெட்டியிருந்தார்கள். என் முகம் இல்லை, சிரிப்பு இல்லை, ஊதி ஆற்றிய கோப்பை இல்லை. என் வலது கால் பெருவிரலும் அதற்கு முன்னால் பொன்னிறப் பூவும் மட்டும். பூவைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். அதற்குக் கீழே குரல் பதிவு.

"இந்த டைல் எங்கட மகள்ட ஊட்டுல போட்டது. ஊடு கட்டக்குள்ள ஒரு பெட்டி கொறஞ்சிட்டு. கடையில போய்க் கேட்டா அந்த டிசைன் முடிஞ்சாம். இண்டைக்கும் மகள்ட அறையில ஒரு மூல வேற டைல்தான். புள்ளட வாப்பா மேசன் எண்டு சொன்னீங்க, எங்கட மகள்ட ஊட்டுல வேல செஞ்சது ஆரெண்டு எனக்குத் தெரியா, எல்லாம் ஊட்டக் கட்டித்தர எடுத்த கொந்துராத்துக்காரன்தான் பாத்த. நான் ஆரையும் கள்ளன் எண்டு சொல்லல்ல. அல்லாஹ் பாத்துக்குவான். எண்டாலும் கேக்கத்தானே வேணும்?"

யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை என்கிறவர்கள் கள்ளன் என்ற ஊரைத் தவிர வேறு எங்கும் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெட்டியில் நான்கு டைல் வரும். எங்களிடம் இருந்தது ஒன்று. மற்ற மூன்றையும் நாங்கள் கறி வைத்துத் தின்றுவிட்டோம் போலும்! எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றியெரிந்தது. போனைப் பறித்து, வாயில் வந்ததையெல்லாம் பேசப் போனேன். உம்மா என் வாயைப் பொத்தினார். கோபத்தால் இல்லை. இந்தச் சம்பந்தமும் போனால் என்ன செய்வது என்ற பயத்தால்.

லுஹர் தொழுதுவிட்டு வாப்பா சாப்பிட வந்தார். உம்மா போனை நீட்டினார். வாப்பா குரல் பதிவை இரண்டு முறை கேட்டார். பிறகு அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை. தலையைக் குனிந்து, நிலத்தில் இருந்த பூவைப் பார்த்தார்.

"அந்த ஊடா? கொந்துராத்துக்காரன் என்ன நாலு நாளைக்கு அனுப்பினான். கடைசி நாள் அந்த ஊட்டுப் புள்ளதான் கொணந்து தந்த. வயித்துல புள்ளயோட நிண்டு, மாமா, இது முன உடைஞ்சிட்டு, எறியத்தான் போறம், ஒங்கட ஊட்டுக்கு உதவுமா எண்டு கேட்டா. எடுக்கட்டா எண்டு நான் ரெண்டு தரம் கேட்டுத்தான் எடுத்த."

எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. "வாப்பா, உடைஞ்ச முன இரிக்கே! கதிரக் காலுக்குக் கீழ நான்தான் மறைச்சன். அதப் படம் புடிச்சி இப்பயே அனுப்புவம். அவட மகள்ட்டயே கேக்கட்டும்."

வாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு நேராகப் பார்த்தார்.

"நான் கள்ளன் இல்ல எண்டு படம் புடிச்சி அனுப்பவா, புள்ள?"

நாங்கள் படம் அனுப்பித்தான் அவரைக் கள்ளனாக்கியிருந்தோம்.

வாப்பா சாப்பிடவில்லை. சாமான் பெட்டியைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தார். "குடுத்திருவம். சந்தேகப்பட்ட பொருள் ஊட்டுல வாணாம். பள்ளிவாசலுக்குப் போறன், நாலு பேருக்கு முன்னால நிண்டு குடுக்கிறன்" என்றார். பூவின் பக்கத்தில் குந்தி, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். பதித்த டைலை முழுதாக எடுக்க முடியாது என்று எத்தனை வீட்டுக்காரர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்! அதிலும் இது தன் மகளின் வீட்டுக்கென்று கூடுதல் சீமெந்து வைத்துப் பதித்தது. கொத்தினால் தூள்தான் வரும்.

"உடைஞ்சிரும் வாப்பா."

"உடைஞ்ச துண்டையாவது குடுப்பம்."

முதல் அடி விழுந்தது. விளிம்பில் ஒரு சில்லு பறந்தது. இரண்டாவது அடிக்கு அவர் கையை ஓங்கியபோது நான் போய் அந்தப் பூவின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நுனியில் உட்காரவில்லை. முழங்காலை ஒரு பக்கம் திருப்பவில்லை. தொப்பென்று விழுந்து, காலை இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தலைத்துண்டு ஒரு காதில் தொங்கியது. ஒரு கையால் உளியைப் பிடித்துக்கொண்டேன். நாடி இரண்டா மூன்றா என்று எனக்குத் தெரியாது. "கொத்துங்க வாப்பா, என்னயும் சேத்துக் கொத்துங்க" என்று நான் போட்ட சத்தம் பிரம்புக் கதிரைக்காரரின் வீடு வரை கேட்டிருக்கும். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மூக்கும் ஓடியது.

தங்கச்சி அப்போதுதான் அந்த இரண்டாவது படத்தை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று பிறகு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கை பழகிவிட்டது போலும். அதில் வெளிச்சம் தவறான பக்கத்தில் இருக்கிறது. பூச்சு இல்லாத சுவர் அப்படியே தெரிகிறது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் நான் சும்மா உட்கார்ந்த ஒரே படம் அதுதான்.

"எழும்பு புள்ள" என்றார் வாப்பா.

"எழும்ப மாட்டன்."

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மருதமுனைதான். உம்மா பதறிப் போய் எதையோ அமத்த, அந்தத் தாயாரின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது.

"நான் மகள்ட்டக் கேட்டன். அவதானாம் குடுத்த. ஒரு முன உடைஞ்சதாம். எனக்கு அது தெரியா. இதெல்லாம் ஒரு விசயமா? டைல் கிடக்கட்டும், நாங்க ஒண்டும் நினைக்கல்ல."

நாங்க ஒண்டும் நினைக்கல்லையாம்! உம்மா அப்படியே சுவரில் சாய்ந்து "யா அல்லாஹ்" என்றார். வாப்பா உளியை விடவில்லை, நானும் விடவில்லை. இரண்டு பேர் கையிலும் அது இருந்தது.

"சரி, அத விடுங்க" என்றது குரல். "மகனுக்குப் புள்ளயப் புடிச்சிரிக்கி. அவன் லீவுல வாறான். அதுக்குள்ள மத்த நிலமெல்லாம் இந்த மாதிரியே முடிச்சித் தருவீங்களா? புள்ளட வாப்பாட்ட ஒரு சொல்லுக் கேட்டுச் சொல்லுங்க."

உம்மா போனை வாப்பாவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். சொல்லுங்க, ஓம் எண்டு சொல்லுங்க என்று உம்மாவின் கண் கெஞ்சியது. ஓம், இன்ஷா அல்லாஹ். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லா வீட்டுக்காரர்களுக்கும் வாப்பா சொன்ன பதில் அதுதான். அதைச் சொல்லத்தான் போகிறார் என்று நானும் நினைத்தேன்.

வாப்பா என்னைப் பார்த்தார். பரட்டை நிலத்தைப் பார்த்தார். பிறகு போனில் அந்தத் தாயாருக்கு மரியாதையாகவே சொன்னார்.

"ஏலாது தங்கச்சி. புள்ள நிலத்துல இரிக்கிறா. எழும்ப மாட்டாளாம்."

வாப்பாவுக்குப் பேச்சை நிறுத்த எதை அமத்துவது என்று தெரியாது. போனை வாங்கித் தங்கச்சியிடம் நீட்டினார். அவள் நிறுத்தினாள். உம்மா அழத் தொடங்கினார். யாரும் உம்மாவைத் தடுக்கவில்லை.

வாப்பா உளியையும் சுத்தியலையும் பெட்டிக்குள் வைத்தார். கை கழுவிவிட்டு வந்து, "சோத்தப் போடு" என்றார். உம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோற்றைக் கொண்டுவந்து வழக்கமான பலகைக்கு முன்னால் வைத்தார். வாப்பா அந்தப் பீங்கானைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு வந்தார்.

"கொஞ்சம் அங்கால தள்ளி இரி, புள்ள."

நான் அதிபர் வீட்டு டைலுக்கு நகர்ந்தேன். சீமெந்து ஒட்டிய சாரத்தோடு வாப்பா பூவின் மேல் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். தங்கச்சி போனைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கீழே வைத்துவிட்டாள். அந்த மூலையில் வாப்பா உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.